உன் மாமா உனக்குச் சொன்ன சாட்சி

கண்ணு,

நீயும் மருமகளும் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று எழுதித் தொடங்கத்தான் ஆசை. ஆனால் நீ சுகமாக இல்லை என்று எனக்குத் தெரியும். நானும் இல்லை. அதனால் அந்த வரியை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் போனில், அந்தக் கையெழுத்து என்ன ஆயிற்று என்று நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் கத்துவேன், நான் கத்தினால் நீ போனை வைத்துவிடுவாய், அப்புறம் உன் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்கு நான் வேறு பதில் சொல்ல வேண்டும். கடிதம் என்றால் அந்தத் தொல்லை இல்லை. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் இவள் அடுத்து என்ன எழுதியிருக்கிறாளோ என்று நீ படித்துத்தான் தீர வேண்டும். இதை ரகசியமாகவும் எழுதவில்லை. முடித்ததும் என் தம்பிக்கு, உன் மாமாவுக்குப் படித்துக் காட்டப் போகிறேன். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இந்த ஊர்க்காரர்கள் யார் படித்தாலும் படிக்கட்டும். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை, ஒளித்ததால் வந்த வினைதான் இது.

இங்கிலாந்துக் குடியுரிமை கேட்டு நீ போட்ட விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள் என்று சொன்ன அன்று, அந்தக் கடிதத்தை இங்கிலீஷில் படித்துவிட்டு எனக்காகத் தமிழிலும் சொன்னாய். "நான் நல்ல குணமுள்ள ஆளுன்னு அவங்களுக்குத் திருப்தி வரலீங்களாம்மா" என்றாய். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. குணத்தைப் பார்ப்பதற்கு இது என்ன சம்பந்தம் பேசும் இடமா என்றேன். உன் அப்பா பக்கத்திலிருந்து, குடித்துவிட்டு வண்டி ஓட்டினானா என்று கேள் என்றார். நீ சிரிக்கவில்லை. நீ ஒன்றும் உத்தமபுத்திரன் இல்லை, அதை நானே சொல்வேன். பன்னிரண்டாவது படிக்கும்போது அப்பாவின் வண்டியை எடுத்துப்போய் முன்பக்கம் நசுக்கிக்கொண்டு வந்து, பசுமாடு முட்டியது என்று கண் இமைக்காமல் சொன்னவன் நீ. மாடு முட்டிய இடத்தில் மைல்கல்லின் மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருந்தது. அப்பா அதைத் துடைத்துவிட்டு, மாட்டுக்கு அடி பலமாகப் பட்டதா என்று மட்டும் கேட்டார். ஆனாலும் குணம் கெட்டவன் என்று உன்னை ஒருவன் எழுத்தில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு அனுப்புவான் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. பெற்றவளுக்கு அது எப்படி இருக்கும் என்று நீ யோசித்திருப்பாய். நான் யோசித்தது, உனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று.

இருந்தாலும் அந்த ஆபீசரை நான் திட்டவில்லை. திட்ட எனக்கு வாய் வராது. வேலம்பாளையத்தில் நம் லைன் வீடுகளுக்கு வாடகைக்கு ஆள் வைக்கும்போது நானும் அதைத்தானே செய்கிறேன். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் பையன்களிடம் ஆதார் வாங்கிக்கொள்கிறேன், எந்தக் கம்பெனி, யார் சொல்லி வந்தாய் என்று கேட்கிறேன், ரூமுக்கு மூன்று பேர் என்றால் மூன்று பேர்தான். நாலாவதாக ஒரு ஜோடிச் செருப்பு வாசலில் கிடந்தால் கதவைத் தட்டிவிடுவேன். அவன் தம்பி, மச்சான், மாமா என்று ஏதாவது சொல்வான். யாராக இருந்தாலும் என்னிடம் சொல்லிவிட்டு வைத்திருக்க வேண்டும் என்பேன். சொல்லிவிட்டு வைத்திருந்தால் ஒருவேளை நான் சரி என்றிருப்பேன். சொல்லாமல் வைத்தவனை அடுத்த முறை நம்ப மாட்டேன். இதற்காக நான் வருத்தப்படவும் இல்லை, நாளைக்கும் அப்படித்தான் இருப்பேன். அங்கே வீடு அவர்களுடையது, கேள்வியும் அவர்களுடையது. அதனால் உன் கோபத்தில் பாதிக்குத்தான் என்னால் கூட வர முடிகிறது, கண்ணு.

மீதிப் பாதிக்கு உன் மாமாவைப் பற்றிப் பேச வேண்டும். அவன் பெயரை எடுக்காதீர்கள் என்கிறாய், வீடியோவில் நாங்கள் பேசும்போது அவன் உட்கார்ந்திருந்தால் படத்தை அணைத்துவிடுகிறாய். உன்னை மடியில் உட்கார வைத்துக் காது குத்தியவன் என்று ஆரம்பிக்கப் போவதில்லை, பயப்படாதே. அந்தக் கதையெல்லாம் கல்யாண வீட்டுக்குத்தான் ஆகும். நீ அவனை ஏன் அங்கே கூப்பிட்டாய் என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். கொரோனாவில் அவன் பெண்டாட்டி, உன் அத்தை, போய்ச் சேர்ந்தாள். அந்த வருஷமே அவன் பனியன் கம்பெனிக்கு வந்துகொண்டிருந்த ஆர்டர் நின்றது. மிஷின்களை விற்றான், ஷெட்டைக் காலி செய்தான். ஒரே பெண்ணையும் குண்டடத்துக்குக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. காலையில் எழுந்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, போவதற்கு இடம் இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். நான் சோறு கொண்டுபோனால், சாப்பிட்டாச்சு என்பான். அடுப்பைப் பார்த்தால் தெரியும், பற்ற வைத்திருக்கவே மாட்டான். இதை ஒருநாள் உன்னிடம் சொல்லி அழுதேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயாகத்தான் சொன்னாய், மாமாவை இங்கே கொஞ்ச நாள் அனுப்பி வையுங்கள், பாப்பாவோடு இருக்கட்டும் என்று. நீயே கடிதம் கொடுத்து, நீயே டிக்கெட் எடுத்து, சுற்றிப்பார்க்கும் விசாவில் கூட்டிக்கொண்டாய். அன்றைக்கு உன் அப்பா என்னிடம், உன் மகன் உன் தம்பிக்கு உயிர்ப் பிச்சை போடுகிறான் என்றார். அவர் அப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை.

அங்கே போய் அவன் ஆளே மாறினான். பாப்பாவைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டான், கூட்டிவந்தான், நீங்கள் இரண்டு பேரும் வேலையிலிருந்து வருவதற்குள் ரசம் வைத்து வைத்தான். மருமகள் என்னிடம், உங்கள் தம்பி ரசத்துக்கு முன்னால் உங்கள் ரசம் நிற்காது அத்தை என்று சிரித்தாள். விசா முடியும் நாள் வந்தது. நீ போனில் என்ன சொன்னாய் என்று எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "மாமாவுக்கு இப்பத்தானுங்மா மூஞ்சி தெளிஞ்சிருக்குது. அந்த ஊட்ல போயி மறுபடியும் தனியா உக்கார வெக்க எனக்கு மனசு வரல. சித்த நாள் இருக்கட்டும்" என்றாய். சட்டம் ஒன்றும் சொல்லாதா என்று அப்பா கேட்டார். பார்த்துக்கொள்ளலாம் என்றாய். நானும் சரி என்றேன். அவன் தனியாக உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்த்தவள் நான், எந்தச் சட்டத்தைப் பார்ப்பேன்? சித்த நாள் என்பது ஒரு வருஷத்துக்கு மேல் போனது. சும்மா இருந்து சாப்பிடக் கூச்சப்பட்டு, உங்கள் தெருமுனையில் தையல் போடும் ஒரு சின்ன இடத்தில் போய் மிஷினில் உட்கார்ந்தான். நாற்பது மிஷின் வைத்திருந்தவன், மறுபடியும் ஓரம் தைக்கும் ஓவர்லாக்கில். அவனுக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை, எல்லோரும் அங்கேயிருந்து வந்தவர்கள்தானே என்பான். அதுவும் விதிக்கு விரோதம்தான். அதையும் நீ அறிவாய், நானும் அறிவேன்.

பிறகு நான் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டேன். ஆபரேஷன் என்றதும் உன் மாமா யாரையும் கேட்கவில்லை, கிடைத்த விமானத்தில் கிளம்பிவிட்டான். விசா முடிந்த ஆள் வெளியே போகும்போது பிடிப்பார்கள் என்று நீ எச்சரித்தாய், பிடித்தால் அக்காளுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்கிறேன் என்று போனான். பிடித்தார்கள். விமான நிலையத்தில் ஒரு அறையில் உட்கார வைத்து, போனில் ஒரு தமிழ் தெரிந்த அம்மாவைப் பேச வைத்து, இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று கேட்டார்கள். இங்கேதான் கண்ணு, உன் மாமா உன் குடியுரிமையைக் கொண்டுபோய்க் குழியில் போட்டான். நம் பக்கத்தில் ஒருவர் வீட்டில் தங்கிவிட்டு வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று நமக்குப் பழக்கம் இருக்கிறதல்லவா? ஒறம்பரையாக, விருந்தாளியாகப் போனவன் திரும்பி வந்து, அங்கே கவனிப்பு சுமார்தான் என்று சொன்னால் அந்த வீட்டுக்காரனுக்கு அதைவிட அவமானம் கிடையாது. உப்பில்லாத சோறு போட்டிருந்தாலும் ராஜ உபசாரம் என்றுதான் சொல்ல வேண்டும். அவனும் அப்படித்தான் சொன்னான். நான் தெருவில் நின்றவன் இல்லை, சொந்த அக்கா மகன் வீட்டில் இருந்தேன் என்றான். உன் அக்கா மகனுக்கு உன் விசா முடிந்தது தெரியுமா என்று கேட்டார்களாம். எல்லாம் தெரியும், தெரிந்துதான் இருக்கச் சொன்னார், நான் கிளம்புகிறேன் என்றாலும் விடவில்லை, எத்தனை நாள் வேண்டுமானாலும் இருங்கள் மாமா என்றார், தங்கமான பிள்ளை என்றான். ஊரைவிட்டு இத்தனை நாள் கழித்துத் தமிழில் மரியாதையாகப் பேச ஓர் அந்நிய ஆள் கிடைத்த சந்தோஷம் வேறு.

வந்து இறங்கி, என் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, இதையெல்லாம் பெருமையாகச் சொன்னான். மாப்பிள்ளை பேரை அந்த ஊர் அதிகாரி முன்னால் எப்படித் தூக்கி நிறுத்திவிட்டு வந்தேன் தெரியுமா என்றான். உன்னை அவன் எப்போதும் மாப்பிள்ளை என்றுதானே சொல்வான். நாங்கள் எல்லோரும் கேட்டு மகிழ்ந்தோம். அப்பாகூட, பரவாயில்லையே, இங்கிலீஷ்காரனிடமே சிபாரிசா என்றார். நீயும் போனில் சிரித்தாய். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், இங்கே தவளை தப்பித்துக்கொண்டு குளத்தையே காட்டிக் கொடுத்துவிட்டு வந்திருந்தது. நம்மில் ஒருவருக்கும் அது புரியவில்லை. உன்னைப் பற்றி இதுவரை ஒரு மனுஷன் சொன்னதில் அதுதான் உயர்ந்த வார்த்தை என்று நான் நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன், அதை மறைக்க எனக்குத் தெரியவில்லை.

போன வருஷம் குடியுரிமைக்கு நீ விண்ணப்பம் போட்டபோது, குடிவரவுச் சட்டத்தை மீற யாருக்காவது துணை போயிருக்கிறாயா என்று ஒரு கேள்வி இருந்தது, இல்லை என்று போட்டுவிட்டாய். யோசித்துத்தான் போட்டாயா, பசுமாடு முட்டிய ஞாபகத்தில் போட்டாயா என்று நான் கேட்கவில்லை. மாமா அன்றைக்குச் சொன்னதை அவர்கள் எடுத்து வைத்துவிட்டார்கள். அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உனக்கு வந்த கடிதத்தில் இங்கிலீஷில் இருக்கிறதாமே. துணை போனது ஒரு குற்றம், இல்லை என்று சொன்னது இன்னொரு குற்றம், ஆகவே நல்ல குணம் இல்லை. உன் வேலைக்கும் வீட்டுக்கும் இப்போதைக்கு ஒன்றும் ஆகாது, இருக்கலாம், ஆனால் அந்த ஊர்க்காரன் ஆக முடியாது, இனி பல வருஷம் போனால்தான் மறுபடியும் கேட்க முடியும் என்றாய். பாப்பாவுக்கு இருக்கிற பாஸ்போர்ட் அவள் அப்பனுக்குக் கிடையாது. ஏர்போர்ட்டில் அவளும் நீயும் வேறு வேறு வரிசையில் நிற்கும்போது, ஏன் டாடி நீ அந்தப் பக்கம் என்று அவள் கேட்டாளாம். அதைச் சொல்லும்போது உன் குரல் உடைந்தது. எனக்கும் அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அதற்கு நீ கண்டுபிடித்த வழியைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. மறுபரிசீலனை கேட்டு எழுதும்போது மாமாவின் உறுதிமொழி ஒன்றையும் சேர்த்து அனுப்பலாம் என்று யாரோ ஒரு சிநேகிதன் சொன்னான் என்றாய். விமான நிலையத்தில் சொன்னது பொய், பயத்தில் உளறிவிட்டேன், விசா முடிந்ததும் அக்கா மகன் என்னை வீட்டிலிருந்து வெளியேற்றிவிட்டார், அதன் பிறகு நான் எங்கே இருந்தேன் என்று அவருக்குத் தெரியாது. இதை இங்கிலீஷிலும் தமிழிலும் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள் என்றாய். அவரால்தானே இது வந்தது, அவரே தீர்க்கட்டும் என்றாய். மாமா என்பதை விட்டுவிட்டு 'அவர்' என்று சொன்னாய். நான் படித்துப் பார்த்தேன். பிடிக்கவில்லை. ஆனாலும் மகன், கேட்கிறான், ஒரு காகிதம்தானே என்று பத்திரத்தாளில் அடித்துக்கொண்டு கிளம்பினேன்.

உன் மாமா இப்போது வேலம்பாளையத்தில் வேறொருவர் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். டீ நேரத்தில் போய் நின்றேன். தையல்காரப் பெண்கள் முன்னால் பேச வேண்டாம் என்று அவன் என்னை கட்டிங் டேபிள் பக்கம் கூட்டிப்போனான். உனக்கு வந்த பதிலையும், அதில் அவன் வார்த்தைகள் இருப்பதையும் அப்போதுதான் அவனுக்கு முழுதாகச் சொன்னேன். நீ பேசாமல் இருப்பது ஏதோ வேலை அவசரம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். கேட்டுவிட்டு, வெட்டி அடுக்கியிருந்த துணியைத் தட்டி நேராக்கினான். பிறகு அவன் சொன்னது ஒரே வார்த்தை. "எங்கீங்க்கா கையெழுத்துப் போடோணும்?" படித்துப் பார் என்றேன். நீங்கள் எழுதினால் என்னைக் கெடுக்கிற மாதிரியா எழுதுவீர்கள், அப்படியே கெட்டாலும் இனி எனக்கு என்ன கெடப் போகிறது என்று சொல்லிவிட்டு, மானேஜரிடம் அரைநாள் கேட்டுக்கொண்டு என்னோடு ஆட்டோவில் ஏறினான்.

நோட்டரி வக்கீல் வயசான மனுஷர், எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் முத்திரை வைப்பார். படித்தார். நான் பொய் சொன்னேன் என்ற இடத்தில் உன் மாமா தலையாட்டினான். அதிகாரியை ஏமாற்றினேன் என்ற இடத்திலும் தலையாட்டினான். பேனாவைக் கூட எடுத்துவிட்டான். அக்கா மகன் என்னை வீட்டிலிருந்து வெளியேற்றிவிட்டார் என்று படித்ததும் அவன் கை நின்றது. இன்னொரு தரம் படிக்கச் சொன்னான். அவர் படித்தார்.

"மத்ததெல்லாம் இருக்கட்டுங்க. என்னையத் திருடன்னு வேணும்னாலும் சேத்து எழுதிக்கங்க. மாப்பிள்ளை என்னைய ஊட்ட உட்டுத் தாட்டி உட்டாருன்னு மட்டும் நான் எழுத மாட்டனுங்க" என்றான்.

அந்த வரி இல்லையென்றால் இந்தக் காகிதமே எதற்கு என்று வக்கீல் கேட்டார். அவருக்குப் பின்னால் ஆள் காத்திருந்தது. நான் அவன் காதோரம் குனிந்து, இது அங்கே ஏதோ ஒரு ஆபீசில் பைலுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், நம் ஊரில் யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன்.

"நான் காதால கேட்டுட்டனுங்களே அக்கா" என்றான்.

வெளியே வந்து ரோட்டோரத்தில் வைத்து அவனைக் கிழித்தேன், கண்ணு. அதை உன்னிடம் மறைக்கவில்லை. அன்றைக்கு வாயால் கெடுத்தாய், இன்றைக்குக் கையால் கெடுக்கிறாய், என் பிள்ளை அங்கே தலைகுனிந்து நிற்கிறான், உனக்கு உன் வீம்பு பெரிதா என்றேன். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில் ஒரு நல்லது கெட்டது நடக்கும், அன்றைக்கு எவனாவது இந்தக் காகிதத்தை எடுத்து, சொந்த மாமனையே வெளியே தள்ளியவன்தானே என்றால் நான் எந்த முகத்தோடு நிற்பேன் என்று மெதுவாகக் கேட்டான். எவனும் எடுக்க மாட்டான் என்று அவனுக்கும் தெரியும். பிறகு இன்னொன்று சொன்னான். "வேணும்னா ஒண்ணு பண்ணலாங்க்கா. மாப்பிள்ளையே என்ற மூஞ்சியப் பாத்து, மாமா நான் உங்களைத் தாட்டி உட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அவரு வாயால சொல்லிட்டாருன்னா அப்பறம் அது பொய் இல்லீங்களே. நான் போட்டுக் குடுத்தர்றேன்." கோபமாகச் சொல்லவில்லை. உனக்கு எப்படி உதவலாம் என்று யோசித்து யோசித்து, அவன் அறிவுக்கு எட்டிய ஒரே வழியைச் சொன்னான்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, உள்ளதை எழுதி அனுப்பச் சொல் அவனை என்றார். எனக்கும் அதுதான் தோன்றுகிறது. நீ இரண்டு காரியம் செய்தாய். வீட்டில் வைத்தது ஒன்று, இல்லை என்று எழுதியது ஒன்று. முதலாவதற்கு அந்த ஊர் உன்னைத் தண்டிக்கலாம், அது அவர்கள் உரிமை, அதற்காக அவர்களிடம் மன்னிப்பும் கேள். என்னிடம் கேட்காதே, நான் உன்னைப் பெற்றதற்கு அன்றைக்குத்தான் நிறைவாக உணர்ந்தேன். இரண்டாவது தப்பு. அதைத் தப்பு என்று எழுது. என் தாய்மாமன், பெண்டாட்டியும் தொழிலும் ஒரே வருஷத்தில் போய் நின்றார், அனுப்ப மனசு வரவில்லை, தெரிந்தேதான் வைத்திருந்தேன், கேட்டபோது பயந்து இல்லை என்று போட்டுவிட்டேன் என்று எழுது. அதற்குப் பிறகும் அவர்கள் மாட்டேன் என்றால் மாட்டேன்தான். உண்மையைச் சொன்னால் கதவு திறக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். எனக்குத் தெரியாது, கண்ணு. பாப்பா அந்த வரிசையிலும் நீ இந்த வரிசையிலும் இன்னும் பல வருஷம் நிற்க வேண்டி வரலாம். அதை நினைத்தால் இந்தப் பேனாவை வைத்துவிட்டுத் தம்பியின் காலில் விழுந்தாவது கையெழுத்து வாங்கிவிடலாமா என்று இப்போதும் தோன்றுகிறது. நான் அவ்வளவு நேர்மையானவள் இல்லை. பிள்ளை என்று வந்தால் எந்தத் தாயும் இல்லை.

ஆனால் ஒன்று மட்டும் எனக்கு விளங்கவே இல்லை. நீ கெட்டவன் இல்லை என்று அவர்களுக்குக் காட்டுவதற்கு, நீ செய்த ஒரே பெரிய நல்லதை நீ செய்யவில்லை என்று எழுதி வாங்க வேண்டியிருக்கிறது. அதை வாங்கிக்கொண்டு நீ அந்த ஊர்க்காரன் ஆகி, கையை உயர்த்தி உறுதிமொழி சொல்லும்போது, யார் உள்ளே போகிறான்? மாமாவை வெளியே தள்ளிய ஒருவன். அவனை எனக்குத் தெரியாது. அப்படி ஒருவனை நான் பெறவில்லை. நீ படித்தவன், இதற்கு உன்னிடம் பதில் இருக்கலாம். இருந்தால் எழுது.

பத்திரத்தாள் என் பீரோவில்தான் இருக்கிறது. கிழிக்கவில்லை. கிழிக்கிற உரிமை எனக்கு இல்லை என்று நினைக்கிறேன், உனக்குத்தான் அது தேவை. வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் மாமா மத்தியானச் சாப்பாட்டுக்கு நம் வீட்டுக்கு வருகிறான். நீ கூப்பிடு. படத்தை அணைக்காமல் கூப்பிடு. பேனாவையும் பத்திரத்தாளையும் அவன் பக்கத்தில் வைத்து, போனை அவன் கையில் கொடுத்துவிட்டு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு நான் வாசலுக்குப் போய்விடுகிறேன். அவன் கேட்ட அந்த ஒரு வார்த்தையை அவன் முகத்தைப் பார்த்து உன்னால் சொல்ல முடிந்தால் சொல். உடனே போட்டுக் கொடுத்துவிடுவான்.

அம்மா